குதிரைக்குச் சுற்றிப் போட்ட மிளகாய்

நான் யாருக்கும் திருஷ்டி சுற்றிப் போட்டதில்லை. என் மகள் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, மதுரையிலிருந்து வந்திருந்த மாமியார் உப்பையும் மிளகாயையும் கையில் எடுத்ததும், "அத்தை, இங்க அதை அடுப்புல போட்டா புகை மணி அலறும், பக்கத்து வீட்டுக்காரன் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுருவான்" என்று சொல்லி, மிளகாயை வாங்கிக் குழம்புக்கு வைத்துக்கொண்டேன். நான் மருந்தாளுநர். மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு மருந்துக்கடையில் பதினான்கு வருடமாக நிற்கிறேன். எதற்கும் காரணம் கேட்டே பழக்கப்பட்டவள். கண் பட்டது, வாய் பட்டது என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும்.

அப்படிப்பட்ட நான், போன கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஒரு குதிரைக்குச் சுற்றிப் போட்டேன். அதுவும் நாடு முழுவதிலிருந்தும் குதிரைக்காரர்கள் வந்து கூடுகிற உள்ளரங்கப் போட்டியில், லாயத்துக்குள்ளேயே நின்றுகொண்டு. இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டாலும் மனசு ஆறாது.

குதிரை எங்களுடையது இல்லை. மாசி என்கிற புறநகரில் உள்ள எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடியைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. என் மகள் ஒன்பது வயதிலிருந்து வடக்கே உள்ள ஒரு பண்ணையில் சாணி அள்ளி, தண்ணீர் வாளி தூக்கி, பதிலுக்குக் குதிரையேற்றம் கற்றுக்கொண்டவள். பதினான்கு வயதானபோது பண்ணைக்காரம்மா ஒரு பழுப்புக் குதிரையை அவள் கையில் கொடுத்து, "உன்னோடதுன்னு நினைச்சு ஓட்டு, ஆனா என்னோடது" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் எதையும் தெளிவாகச் சொல்கிறவர். என் மகள் குதிரையை "அவன்" என்றுதான் சொல்வாள். நாளடைவில் எனக்கும் அவன் "அவன்" ஆகிவிட்டான்.

போன ஆகஸ்டில் அந்த அம்மாள் எங்கள் இருவரையும் நிற்க வைத்துப் பேசினார். தெற்குத் தீவில் ஒரு குடும்பம் அவனைக் கேட்கிறது. அவர்களுடைய பெண் உயரமான தடைகளைத் தாண்டுகிறவள். அவனும் அதற்குத் தகுந்த குதிரை, அவனை வீணாக்கக் கூடாது. "கிறிஸ்துமஸுக்கு முன்னால் நடக்கும் உள்ளரங்கப் போட்டியில் இளையோர் பிரிவில் முதல் எட்டுப் பேர் பட்டியலில் உன் பெயர் வந்தால் இன்னும் ஒரு வருடம் அவன் உன்னிடம் இருப்பான். வராவிட்டால் கிறிஸ்துமஸ் முடிந்ததும் அங்கே போவான்" என்றார். என் மகள் தலையாட்டினாள். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு, "ஐ வில் டூ இட்" என்றாள்.

அந்தப் போட்டியில் சேருவதே லேசில்லை. வெளிக்களத்துப் போட்டிகளில் தேறினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். தேறினாள். அவனுக்கு ஒரே ஒரு கோளாறு. திறந்த வெளியில் சிங்கம் மாதிரி தாண்டுகிறவன், கூரைக்கு அடியில் விளக்கும் கூட்டச் சத்தமும் சேர்ந்தால் மிரளுவான். அடுத்தடுத்து வரும் இரட்டைத் தடையில் முதலாவதைத் தாண்டிவிட்டு இரண்டாவதற்கு முன்னால் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடுவான். இதற்காகவே என் மகள் நான்கு மாதம் காலை ஐந்து மணிக்கு எழுந்தாள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம். கூரை போட்ட பயிற்சிக் கொட்டகையில் கைப்பேசியில் கூட்டத்தின் கைதட்டலைச் சத்தமாக ஓடவிட்டு, அவனை அதற்குப் பழக்கினாள். நான் பாதித் தூக்கத்தில் வெஸ்ட்கேட்டைத் தாண்டி வண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடியபடி தடைகளை எண்ணிக்கொண்டிருப்பாள்.

எனக்குக் குதிரை என்றால் பயம். ஆனாலும் அவள் எனக்கென்று ஒரு வேலை கொடுத்திருந்தாள். தாண்டுவதற்கு முன் அவனுடைய நான்கு கால்களிலும் காப்புப் பட்டை கட்ட வேண்டும். அவர்கள் அதை பூட்ஸ் என்பார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பைச் சுற்றிக் கட்டி ஒட்டுவது. நான் கட்டி முடித்ததும் அவள் குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள். ஒன்றையாவது அவிழ்த்துத் திரும்பக் கட்டாமல் விட மாட்டாள். "லூஸா இருக்கு, அம்மா." இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான்கும் தேறியதில்லை.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கொட்டகையில் ஒரு சின்னப் பந்தயம் வைத்தார்கள். அன்றைக்கு அவன் இரண்டு தடவை நின்றுவிட்டான். அதற்குச் சற்று முன்புதான் வேலியோரம் ஒரு கூட்டம் கூடி, எவ்வளவு அழகு, என்ன பளபளப்பு என்று அவனை வாய் ஓயாமல் புகழ்ந்து போட்டோ எடுத்துத் தள்ளியிருந்தது. குதிரையை ஏற்றிச் செல்லும் ஃப்ளோட்டைத் தன்னுடைய யூட் வண்டியில் கட்டி இழுத்து வருகிறவர் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. மன்னார்க்காரர், வேதக்காரர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். அவர்தான் திரும்பி வரும்போது சொன்னார்.

"பிள்ளை, அந்தச் சனம் பாத்த பார்வை எனக்குப் பிடிக்கேல்லை. இது கண்ணூறுதான். நான் ஜெபம் பண்ணுறன். நீ உங்கட முறையில ஏதும் செய்."

"அக்கா, அது விளக்கைப் பாத்து மிரண்டுச்சு. கண்ணாவது மண்ணாவது" என்றேன்.

"ஓம் ஓம், நீ படிச்சனீ" என்றார் அக்கா.

பேச்சுக்குத்தான் வெட்டிவிட்டேன். அன்றைக்கு மகள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதது எனக்குக் கேட்டது. அவள் அழுகிற பிள்ளையே இல்லை. மூன்று வாரமும் அந்தத் தண்ணீர்ச் சத்தம் என் காதிலேயே இருந்தது. போட்டியன்று காலையில், வெலிங்டனுக்கு வேலையாகப் போயிருந்த கணவரிடம் போனில் நன்றாகப் பேசிவிட்டு வைத்தேன். பிறகு என் கை தானாக அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவைத் திறந்தது. ஏழு காய்ந்த மிளகாய், ஒரு பிடி கல்லுப்பு. ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கைப்பைக்குள் திணித்தேன். மாமியார் பார்த்திருந்தால் கையைத் தட்டிச் சிரித்திருப்பார்.

வெளியே டிசம்பர் வெயில் கொளுத்தியது. சாலையோரம் பொஹுடுகாவா மரமெல்லாம் சிவப்பாகப் பூத்துக் கிடந்தது. அரங்கத்துக்கு உள்ளேயோ குளிரூட்டி, வரிசை வரிசையாக விளக்கு, நடுவில் சமன்படுத்திய மணல், ஒரு மூலையில் ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு கிறிஸ்துமஸ் மரம். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல உடுத்தியிருந்தார்கள். லாயம் பின்பக்கம், தற்காலிகமாகப் போட்ட கொட்டகை. எங்கள் குதிரைக்குக் கடைசி வரிசையில் இடம்.

நான்கு மணிக்கு, ஓட்டுபவர்கள் களத்தில் நடந்து தடைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து பார்க்க அழைத்தார்கள். "அம்மா, பூட்ஸ் மட்டும் போட்டு வை" என்று சொல்லிவிட்டு மகள் ஓடினாள். அக்கா யூட்டைச் சரியான இடத்தில் நிறுத்தப் போயிருந்தார். நானும் அவனும் மட்டும்தான். இதை விட்டால் நேரம் கிடையாது என்று பையைத் திறந்தேன்.

உப்பையும் மிளகாயையும் வலது கையில் மூடிக்கொண்டு அவன் தலையிலிருந்து கால்வரை இந்தப் பக்கம் மூன்று சுற்று, அந்தப் பக்கம் மூன்று சுற்று. "ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, போட்டோ எடுத்தவ கண்ணு" என்று எனக்குத் தெரிந்தவரை முணுமுணுத்தேன். குதிரைக்கு எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஐந்தாவது சுற்றில் அவன் என்னவோ தின்பண்டம் என்று நினைத்து உதட்டை நீட்டி என் விரலைக் கவ்வப் பார்த்தான். அடி ஆத்தி என்று கையை இறுக்கி இழுத்துக்கொண்டேன். உள்ளங்கைக்குள் மிளகாய் நொறுங்கியது. நல்லவேளை, ஒரு விதைகூட அவன் வாய்க்குப் போகவில்லை. மிச்சச் சுற்றையும் முடித்துவிட்டு எல்லாவற்றையும் பைக்குள் கொட்டிக் கட்டினேன். வைக்கோல் இருக்கும் இடத்தில் தீ வைக்க நான் என்ன பைத்தியமா? வீட்டில் அடுப்பில் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணம். கையை ஜீன்ஸில் துடைத்தேன். பிறகு உட்கார்ந்து நான்கு கால்களிலும் பூட்ஸ் கட்டினேன். அன்றைக்கு ரொம்பக் கவனமாகக் கட்டினேன், தோலோடு தோலாக நீவி நீவி.

மனசு லேசாக இருந்தது. ஒரு டீ குடிக்கலாம் என்று நடந்தேன். டீ விற்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. போட்டிக் குதிரைகளுக்குத் தடை செய்யப்பட்ட பொருள்கள். தொழில் புத்தி விடுமா? மருந்துப் பெயர் எங்கே கண்டாலும் நின்று வாசிப்பேன். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். நடுவில் கேப்சைசின் என்றிருந்தது.

கேப்சைசின் என்றால் மிளகாயின் காரம். அக்கி ஆறிய பிறகும் விடாத நரம்பு வலிக்கு அதே களிம்பை வாரம் தவறாமல் என் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறேன். "கையுறை போட்டுத் தடவுங்க, கையை நல்லாக் கழுவுங்க, கண்ணைத் தொட்டுடாதீங்க" என்று பதினான்கு வருடமாகக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த அறிவிப்பின் கீழே காரணமும் போட்டிருந்தது. ஏமாற்றுக்காரர்கள் இதைக் குதிரையின் காலில் தேய்ப்பார்களாம். கால் எரியும். தடைக் கட்டையில் லேசாகப் பட்டாலே வலி தாங்காமல் குதிரை காலை இன்னும் உயர்த்தித் தாண்டும். அதைத்தான் நான் நீவி நீவிச் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். நாற்பத்தேழு வயதில் அப்படி ஓடியதில்லை. நான்கு பூட்ஸையும் பிய்த்து எறிந்தேன். அவன் அமைதியாகத்தான் நின்றான், காலை உதறவில்லை. அப்போதுதான் அக்கா வந்தார். நடந்ததைக் கொட்டினேன்.

"விசரே உனக்கு? ஏதாவது செய் எண்டு சொன்னனான், இப்பிடியா செய்யச் சொன்னனான்?" என்றவர், உடனே சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தரும் காணேல்லைத்தானே? கெதியா ஒரு வாளி தண்ணியும் சோப்பும் கொண்டுவா. கழுவிப்போட்டுப் பேசாம இரு. பிள்ளைக்கும் சொல்லாத. அவள் ஓடி முடிக்கட்டும்."

பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் அதுதான் தோன்றியது. வாளியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். எட்டுப் பேர் பட்டியல், தெற்குத் தீவு, குளியலறைக் குழாய்ச் சத்தம், எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓடியது. குழாயடியில் வாளி நிரம்பும்வரை நின்றேன். தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்து என் செருப்பை நனைத்தது. தினமும் காலையில் கடையைத் திறக்கிறேனே, அந்தக் கவுன்டருக்குப் பின்னால் நாளைக்கு எப்படிப் போய் நிற்பது என்று யோசித்தேன். அப்படியே வாளியை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

மகள் வந்துவிட்டிருந்தாள். தொப்பியும் கோட்டும் போட்டு, முகமெல்லாம் உறுதியாக, உதட்டுக்குள் எண்களை எண்ணிக்கொண்டு. தரையில் கிடந்த பூட்ஸைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

"யூ புட் சில்லி ஆன் மை ஹார்ஸ்?" என்றாள். அவன் முன்னால் மண்டியிட்டு ஒவ்வொரு காலாகத் தடவினாள். நிமிரும்போது கண் நிறைந்திருந்தது. "நீ இதையெல்லாம் நம்பவே மாட்டியே, அம்மா. நம்பாத விஷயத்தை ஏன் செஞ்ச?"

"பயந்துட்டேன்டி" என்றேன். "நான் இப்பப் போய் அதிகாரிங்ககிட்டச் சொல்லப் போறேன்."

"சொன்னா அவன் போயிடுவான்."

"சொல்லலைன்னா, அவன் ஒவ்வொரு கட்டையைத் தாண்டும்போதும் அது அவன் தாண்டினதா, அம்மா தடவினதான்னு நீ நெனச்சுக்கிட்டே இருப்ப. ஆயுசுக்கும் நெனப்ப."

அக்கா வாயைத் திறந்தார். மகள் கையை உயர்த்தி நிறுத்தினாள். அவன் கழுத்தில் நெற்றியை வைத்து நின்றாள். பிறகு கோட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள். நான்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

லாயத்துக் கண்காணிப்பாளர் நெட்டையான மனிதர், கையில் அட்டையும் காகிதமும். அவரிடம் திருஷ்டி என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் விளக்கிய பாடு எனக்குத்தான் தெரியும். கெட்ட பார்வை என்றேன், உப்பு என்றேன், மிளகாய் என்றேன், மூன்று சுற்று என்றேன். என் கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்து மேசையில் வைத்தேன். அந்த மனிதர் மிளகாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "காலில் தேய்த்தீர்களா?" "தேய்க்கக் கூடாது, தொடாமல் சுற்றுவதுதான் முறை. ஆனால் பிறகு அதே கையால் பூட்ஸ் கட்டினேன். நான் மருந்தாளுநர், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்." அவர் சிரிக்கவில்லை. அதற்கு அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

கால்நடை மருத்துவர் வந்தார், என் வயதுப் பெண். நான்கு கால்களையும் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். அவன் அசையவில்லை. தோல் சிவக்கவில்லை, சூடும் இல்லை. பஞ்சால் ஒற்றி எடுத்துக் குப்பியில் போட்டுக்கொண்டார். கால்களை எப்படிக் கழுவ வேண்டும் என்று மகளுக்குச் செய்து காட்டி, அவள் கழுவி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்தார். நடுவர் குழு கூடிப் பேசிவிட்டு முடிவைச் சொன்னது. குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்களாகவே வந்து சொன்னதால் மேல்நடவடிக்கை இல்லை. ஆனால் போட்டியில் சேர முடியாது. வேண்டுமானால் எல்லாருக்கும் முன்னால், களத்தைத் திறந்து வைக்கும் ஓட்டமாக ஒரு முறை ஓட்டலாம். மதிப்பெண் கிடையாது, பட்டியலில் பெயர் வராது.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொல்லிவிட்டாள். "ஐ'ல் ரைட்."

"எதுக்கு? பேர் வராதேடி" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவனால முடியும்னு எனக்குத் தெரியணும்."

யாரோ ஒரு பெண் தன் பூட்ஸைக் கொடுத்து உதவினாள். மகளே குனிந்து நான்கையும் கட்டினாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன்.

பாதி இருக்கை காலி. ஆட்கள் வைன் கிளாஸோடு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில், முதலில் கணக்கில் சேராத ஓட்டம் ஒன்று என்று மட்டும் சொன்னார்கள். பெயர் சொல்லவில்லை. பெரிய திரை வெறுமையாக இருந்தது. மூன்றாவது வரிசையில் பண்ணைக்காரம்மா தனியாக உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். அவருக்கும் செய்தி போயிருக்கும்.

மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் உதட்டுக்குள் எண்ணினேன். அக்கா பக்கத்தில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். நான்காவதில் பின்னங்கால் கட்டையைத் தட்டியது, கட்டை குலுங்கிக் குலுங்கிக் கடைசியில் விழாமல் நின்றது. ஆறாவதைத் தாண்டித் திரும்பினால் இரட்டைத் தடை. நேர் எதிரே விளக்கு, கிறிஸ்துமஸ் மரத்தின் மினுமினுப்பு வேறு. முதலாவதைத் தாண்டினான். இரண்டாவதற்கு முன் அவன் காதுகள் முன்னும் பின்னும் ஆடின. முன்னங்கால் தயங்கியது. எனக்குத் தெரியும் அந்தத் தயக்கம், நூறு தடவை பார்த்திருக்கிறேன். அவள் சாட்டையைத் தொடவில்லை, கடிவாளத்தை இழுக்கவில்லை. முதுகை நிமிர்த்தி, இரண்டு காலையும் இறுக்கி, "கோ ஆன்!" என்று ஒரே ஒரு அதட்டல். அரங்கம் பூராவும் கேட்டது. அவன் கிளம்பினான். முழுத் தடைக்கும் மேலே ஒரு முழம் இடைவெளி விட்டுப் பறந்து இறங்கினான்.

கடைசிக் கட்டையையும் தாண்டியபோது நான் இருக்கையில் இல்லை. கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, தமிழில்தான் கத்தினேன். ஒரு கட்டைகூட விழவில்லை. அங்கங்கே பத்துப் பதினைந்து பேர் கைதட்டினார்கள். அவள் அவன் கழுத்தைத் தட்டிக்கொடுத்து வெளியே போனாள். திரையில் அடுத்துப் போட்டியிடுபவரின் பெயர் வந்தது.

பண்ணைக்காரம்மா லாயத்துக்கு வந்தார். அவன் நெற்றியைத் தேய்த்துவிட்டுச் சொன்னார், "நான் பார்த்ததில் அவன் இவ்வளவு நன்றாகத் தாண்டியதே இல்லை." எனக்கு ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்தது. "ஆனால் பட்டியலில் பெயர் வர வேண்டும் என்றுதான் சொன்னேன். அதை நம்பித்தான் அந்தக் குடும்பமும் காத்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லாரி வரும்."

எனக்கு வந்ததே கோபம். "தப்பு என்னோடது. தண்டனை அவளுக்கா?" என்று ஆங்கிலத்தில் படபடவென்று பொரிந்தேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. "இது தண்டனை இல்லை. நான் கொடுத்த வார்த்தை" என்றார். மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள், போதும் என்று. அவரிடம் நன்றி சொன்னாள். லாரி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டாள். அதுவரை தினமும் வரலாமா என்றும் கேட்டாள்.

தினமும் போனோம். ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்கு எழுந்தாள். வண்டியில் பேசினாள், சிரிக்கவும் செய்தாள். ஆனால் நான் பூட்ஸை எடுக்கக் கை நீட்டினால் மெதுவாக அதை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள். "ஐ'ல் டூ இட், அம்மா." கோபமாகச் சொன்னால்கூடச் சண்டை போட்டிருப்பேன். அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். குதிரை போகிற துக்கத்தை விட அதுதான் எனக்கு நெஞ்சை அறுத்தது. பஞ்சுக் குப்பிச் சோதனையில் என்ன வந்தது என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்றும் இல்லை, சுத்தம் என்று பதில் வந்தது. அதை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "ஓகே" என்றாள். நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எதுவுமே ஆகியிருக்காது. அது இரண்டு பேருக்கும் புரிந்தது.

கிறிஸ்துமஸ் மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு. ஆட்டுக்கறி, நண்டுக் குழம்பு, கேக்கு. மகள் திடீரென்று தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "ஆன்ட்டி, அடுத்த வருஷமும் ஃப்ளோட் இழுப்பீங்களா?"

"இல்லாத குதிரையை என்னெண்டு பிள்ளை இழுக்கிறது?"

"இருக்கும்" என்றாள். திரும்பவும் நண்டை உடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே லாரி வந்து நின்றது. நீண்ட பயணம், கப்பல் வேறு ஏற வேண்டும். அதற்கென்று முழங்கால்வரை மூடும் கனமான பயண பூட்ஸ் இருக்கிறது. மகள் அவற்றை எடுத்து வந்தாள். நான் வழக்கம்போல ஒதுங்கி வேலியோரம் நின்றேன். அவள் அவன் பக்கத்தில் போனாள். பிறகு நின்று, திரும்பி என்னிடம் வந்தாள்.

"கையைக் காட்டு" என்றாள். தமிழில் சொன்னாள்.

வீட்டிலேயே கழுவியிருந்தேன். இருந்தாலும் குழாயடிக்குப் போய், மருந்து கலக்குவதற்கு முன் கழுவுவது போல முழங்கைவரை சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவினேன். உள்ளங்கை இரண்டையும் விரித்து நீட்டினேன். அவள் இரண்டையும் பிடித்து முகர்ந்து பார்த்தாள். பூட்ஸை என்னிடம் கொடுத்தாள்.

முன்னங்கால் இரண்டு, பின்னங்கால் இரண்டு. அவன் மூச்சு என் பிடரியில் சூடாகப் பட்டுக்கொண்டே இருந்தது. பயமாக இல்லை. கடைசிப் பட்டையை இழுத்து ஒட்டிவிட்டு எழுந்து நின்றேன். அவள் குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். நான்கு கால்களையும் சுற்றி வந்தாள். ஒன்றைக்கூட அவிழ்த்துத் திரும்பக் கட்டவில்லை.